நகமும் நம் உணவும்



நகநோய் கண்டதும் விரலைத் தேசிக்காயிற் செருகிக்கொண்டு அன்றாட வேலைக்குச் செல்வது நம்மவர் வழக்கம். ஆனால், நகத்தைப் பற்றும் நோய் ஒன்றன்று.

நகத்தின் ஓரம் சிவந்து வீங்கித் துடிக்குமாயின் அது நகச்சுற்று. பெரும்பாலும் பற்றீரியாவால் விளைவது. தொடக்கத்தில், இளஞ்சூட்டு நீரில் நாளுக்கு மூன்று நான்கு முறை விரலை அமிழ்த்தினால் தணியும். சீழ் கட்டினால் வைத்தியரே அதனை அகற்றல் வேண்டும்.

நகம் மஞ்சளித்துத் தடித்து உதிருமாயின், அது பங்கசு நோயாகலாம். வைத்தியர் அதனை உறுதிசெய்து, அமொரொல்பீன் போன்ற பூச்சுமருந்தைத் தருவர். இங்கே பொறுமையே பாதி மருந்து. மருந்து கெட்ட நகத்தைச் செம்மையாக்குவதில்லை. வேரிலிருந்து எழும் புதுநகத்தைக் காக்கிறது. கைநகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றரே வளரும். கால்நகம் அதிலும் பாதியே. ஆதலால் கைக்கு 6 மாதமும், காற்பெருவிரலுக்கு ஓராண்டுக்கு மேலும் செல்லலாம். இடையிற் கைவிட்டால் நோய் மீளும்.

நீரிழிவுள்ளோர் மட்டும் கைவைத்தியத்தில் ஒரு நாளும் தாமதித்தலாகாது. சிறு நகப்புண் காலையே இழக்கச் செய்தலும் உண்டு.

உணவு பங்கசைக் கொல்லாது. ஆனால், புதுநகத்துக்கு வேண்டிய புரதமும் இரும்பும் உணவிலிருந்தே வரவேண்டும். பயறு, முட்டை, நெத்தலி, முருங்கையிலை ஆகியவை போதும். இலைக்கறியில் தேசிப்புளி விட்டால் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும்.

ஆகவே நேயர்களே, தேசிக்காய்க்கு உரிய இடம் விரல் அன்று, உண்கலமே.