படத்தில் விழும் வெயில்

வீடு கட்டப்போகிறவர்களுக்கு இப்போது பிளானோடு கணினியில் செய்த படமொன்றையும் காட்டுகிறார்கள். கட்டி முடித்த வீட்டைக் கமராவால் பிடித்தது போலவே இருக்கும். எங்கள் சாச்சாவுக்கும் அப்படியொரு படம் வந்தது. ஹோல் ஜன்னலால் இளவெயில் சரிந்து தரையெல்லாம் பரவிக் கிடந்தது. "மூத்தம்மாவுக்குக் காலை வெயிலில் முழங்காலை நீட்டி உட்கார நல்ல இடம்" என்று சாச்சி உடனே சம்மதித்தார். டிசம்பரில் குடிபோனார்கள். ஹோலுக்குள் வெயில் எட்டியும் பார்க்கவில்லை. அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது.

பகல் காட்சிக்கு இரண்டு ஒளிகள் வேண்டும். சூரியன் நேரே விழுந்து கூர்மையான நிழல் தரும். வானம் எல்லாப் பக்கமிருந்தும் மென்மையாக, சற்று நீலமாக விழும். புதிதாகப் பழகுகிறவர்கள் சூரியனை மட்டும் வைத்துவிட்டு, நிழல் ஏன் கரிபோல் இருக்கிறது என்று யோசிப்பார்கள். வெளியில் பார்த்தால் எந்த மரநிழலும் அவ்வளவு கறுப்பில்லை. வான ஒளி அங்கும் விழுகிறது.

சூரியனை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய விடயம். ஸ்கெட்சப், ப்ளெண்டர் போன்ற மென்பொருள்களில் ஊர், திகதி, நேரம் கொடுத்தால் சூரியன் சரியான இடத்தில் வந்து நிற்கும். கொடுக்க மறந்தால்? ஸ்கெட்சப் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஊர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர். அது வட அகலாங்கு 40 பாகையில் இருக்கிறது. கொழும்பு ஏறக்குறைய 7 பாகையில். டிசம்பர் கடைசியில் நடுப்பகலில் 10 அடி மதிலின் நிழல் அங்கே 20 அடி நீளும். இங்கே 6 அடிதான். ஜூனில் இன்னும் வேடிக்கை. இரண்டு ஊரிலும் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட ஒரே உயரம், 73 பாகை. ஆனால் அங்கே தெற்கில் நிற்கும், நமக்கு வடக்கில்! ஏப்ரல் தொடக்கம் செப்டம்பர் ஆரம்பம் வரை நம் நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் வருகிறது.

இன்னொரு உபாயமும் உண்டு. வெளியே நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். அறைக்குள் சில நூறுதான். அதனால் உள்ளறைப் படம் இருண்டுவிடும். வரைபவர் ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத விளக்கொன்றை வைத்து அறையை வெளிச்சமாக்குவார். விளம்பரப் படத்துக்கு அது பரவாயில்லை. கடன்பட்டு வீடு கட்டுகிற குடும்பத்துக்குக் காட்டும்போது அதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. படத்தைப் பார்ப்பவர்களும் வடக்கு எந்தப் பக்கம், எந்த மாதம், எத்தனை மணி, வேறு விளக்கு ஏதும் வைத்தீர்களா என்று கேட்டுவிடலாம். ஜூனுக்கு ஒன்று, டிசம்பருக்கு ஒன்று என்று இரண்டு படம் கேட்டாலும் தப்பில்லை; மாதத்தை மாற்றினால் சூரியன் தானாக நகர்ந்துவிடும்.

அந்த டிசம்பர் முழுக்க மூத்தம்மா குசினிப் பக்கத்துப் படியில்தான் வெயில் காய்ந்தார். ஜூனில் நாங்கள் போனபோது காலை ஏழரை மணி. ஹோல் ஜன்னலோரம் ஒரு முழ அகலத்துக்கு வெயில் விழுந்திருந்தது. கதிரையை அதற்குள் இழுத்துப் போட்டிருந்தார்.