இஸ்திரிப் பெட்டி செய்யும் நினைவகம்

1981இல் இங்கிலாந்தின் சின்கிளேர் நிறுவனம் விற்ற இசட்எக்ஸ்81 கணினிக்கு நினைவகம் 1 கிலோபைட்தான். இந்தக் கட்டுரைகூட அதில் அடங்காது. கூடுதலாக வேண்டுமென்றால் பின்புறம் 16 கே பெட்டியைச் செருக வேண்டும். அது லேசாக ஆடினாலும் அதுவரை தட்டச்சு செய்த நிரல் முழுவதும் போச்சு!

அந்தப் பெட்டிக்குள் எட்டு 4116 சில்லுகள். அவற்றுக்கு மூன்று வகை மின்னழுத்தம். இன்று 62256 என்ற ஒரே சில்லு 5 வோல்ட்டில் 32 கே தருகிறது. பழங்கணினிப் பிரியர்கள் அதற்கான மின்சுற்றுப் பலகையை வீட்டிலேயே, இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு, செய்துகொள்வதுண்டு.

லேசர் பிரிண்டரின் டோனர் அடிப்படையில் பிளாஸ்டிக் தூள். சுற்றின் படத்தை வழவழப்பான தாளில் அச்சிட்டு, செம்புத் தகடு ஒட்டிய பலகைமேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால், டோனர் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். தாளை நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, பலகையை ஃபெரிக் குளோரைடு கரைசலில் இட்டு அசைக்க வேண்டும். டோனர் மூடாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்துபோகும். அதன் தடிமன் வழக்கமாக 35 மைக்ரான்தான். அதிக நேரம் விட்டால் கரைசல் டோனருக்கு அடியிலும் பக்கவாட்டில் புகுந்து கோடுகளை அரித்துவிடும்.

உண்மையான தலைவலி, பலகையின் இருபக்கக் கோடுகளையும் இணைக்கும் துளைகள். தொழிற்சாலையில் துளையின் உட்சுவரிலும் செம்பு பூசுவார்கள். கோடுகள் தாமாக இணைந்துவிடும். வீட்டில் அது கடினம். துளைக்குள் கம்பியை நுழைத்து இருபுறமும் சால்டர் வைக்க வேண்டும். சில்லுக்கான சாக்கெட்டைப் பொருத்தியபின் அதன் அடியில் சால்டரிங் முனை போகாது. ஆகவே இணைப்புத் துளைகளைச் சாக்கெட்டுக்கு வெளியே வைத்து வரைவதே கெட்டிக்காரத்தனம்.

இவ்வளவு கரடுமுரடான பலகை எப்படி வேலை செய்கிறது? பழைய கணினியின் நிதானம்தான் காரணம். சில்லுகளின் கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர் இடைவெளி. கடிகார வேகம் 3.25 மெகாஹெர்ட்ஸ்; ஒரு துடிப்புக்குச் சுமார் 308 நானோநொடி. பலகையில் மின்சமிக்ஞை ஒரு நானோநொடியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஓடிவிடும். ஒரு கோடு இன்னொன்றைவிட நீளமாக இருந்தாலும் கணினிக்குத் தெரியப்போவதில்லை. இன்றைய வேகமான நினைவகங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. கோடுகளின் நீளத்தை அளந்து பொருத்தியாக வேண்டும்.

இணையத்தில் ஆர்டர் கொடுத்தால் சில டாலருக்குப் பலகை வந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் முதல் மாதிரியை வீட்டில் செய்வதே மேல் என்பேன்: தவறான கோட்டைக் கத்தியால் வெட்டி, கம்பி இழுத்து, அன்று மாலையே அடுத்த பலகையை வரையலாம். பயன்படுத்திய கரைசலை மட்டும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு மீன்களுக்கு நஞ்சு.