வீட்டிலிருக்கும் தைலக் குப்பி



சளி, தலைவலி, பல்வலி என்றால் நம் வீடுகளில் முதலில் தேடுவது நீலகிரித் தைலத்தையும் கற்பூரத்தையும் கிராம்பு எண்ணெயையும்தான். இவற்றைக் குறைகூற நாங்கள் வரவில்லை. இவை எவ்விதம் வேலை செய்கின்றன, எப்போது ஆபத்தாகின்றன என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

செடிகளும் மரங்களும் பூச்சிகளிடமிருந்தும் பூஞ்சணங்களிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள இலையிலும் பட்டையிலும் மொட்டிலும் வாசனைப் பொருட்களைச் சேர்த்து வைக்கின்றன. இவற்றையே நாம் காய்ச்சி வடித்து எண்ணெயாக எடுக்கிறோம். கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால். அது நரம்பை மரத்துப்போகச் செய்யும், கிருமிகளையும் கொல்லும். பல் மருத்துவர்கள் அதைத் துத்தநாக ஆக்ஸைடு பொடியுடன் குழைத்து, சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைக்கிறார்கள். ஓமத்திற்கு மணம் தரும் தைமால், வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் சேர்கிறது. புதினா இனத்திலிருந்து கிடைக்கும் மென்தால் மூக்கடைப்பை நீக்குவதுபோலத் தோன்றும். உண்மையில் அது குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அடைப்பு அப்படியே இருக்க, மூச்சு தாராளமாக வருவதாக உணர்கிறோம். இதற்குக் காரணமான உணர்வேற்பியை 2002-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

இப்பொருட்கள் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. ஆகவேதான் தோலுக்குள்ளும் விரைவாக ஊடுருவுகின்றன. விழுங்கிவிட்டாலோ, அதே காரணத்தால் இரத்தத்தில் கலந்து மூளையை விரைவில் எட்டுகின்றன. கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். 1 கிராம் அளவே சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததுண்டு. நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் மயக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடும். உதகைக் கடைகளில் கிடைக்கும் விண்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுவதும் மீத்தைல் சாலிசிலேட். அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம்!

"இயற்கையானதுதானே, என்ன செய்துவிடும்?" என்று பலர் எண்ணுகிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் சாதுவாகிவிடாது. கூடை கூடையான இலையின் சாரம் ஒரு சிறு குப்பியில் அடங்கியிருக்கிறது என்பதை மறவாதிருப்போம்.

எனவே தயவுசெய்து இவற்றைக் கவனியுங்கள்:

1. தைலக் குப்பிகளையும் கற்பூரத்தையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இருமல் மருந்துக் குப்பிகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

2. கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தைலம் தடவாதீர்கள். கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டுவதும் வேண்டாம்.

3. சளிக்கென்று தைலத்தைச் சர்க்கரையிலோ வெந்நீரிலோ விட்டுக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

4. குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், நடுவே வலிப்பும் வரலாம். குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் காத்திராமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வலிப்போடு வரும் குழந்தைக்குப் பிராணவாயுவும் மருந்தும் இரவு பகல் கவனிப்பும் தேவை. உங்கள் உதவியால் அவற்றை மருத்துவமனையில் கொடுக்க முடிகிறது. ஆனால் அக்குழந்தை இங்கு வராமலிருப்பதே எங்களுக்கு அதிக மகிழ்ச்சி. இப்பக்கத்தை வாசித்தபின், பச்சிளங் குழந்தை உள்ள ஒரு வீட்டாருக்குக் கொடுத்து உதவுங்கள்.