கோழித்தொடையில் தொடங்கும் அறுவைப் பயிற்சி

புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு, அவரது அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டே புதிய மார்பகம் அமைக்கலாம். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆலன் 1992இல் இம்முறையைக் கையாளத் தொடங்கினார். வயிற்றுத் தசையை வெட்டி எடுக்காமல், அதன் ஊடே வரும் இரத்தக்குழாய்களை மட்டும் பிரித்தெடுப்பது இதன் சிறப்பு.

இடம் மாற்றிய திசு உயிரோடு இருக்க இரத்தம் வேண்டும். ஆகவே, அதன் குழாய்களை நெஞ்சிலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைக்கிறார்கள். அவற்றின் விட்டம் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். தையல் பிசகி உள்ளே இரத்தம் உறைந்தால், திசு முழுவதும் இறந்துபோகலாம். ஏற்கெனவே ஒருமுறை மார்பகத்தை இழந்தவர், மீண்டும் இழக்க நேரிடும். அப்படியானால், மருத்துவர்கள் எங்கே கைப்பழக்கம் பெறுவது?

முதற்படி, சந்தையில் கிடைக்கும் கோழித்தொடை. அதிலுள்ள தமனியை வெட்டி, மீண்டும் தைக்கிறார்கள். சாயம் கலந்த நீரைச் செலுத்தினால், கசியும் இடம் தெரிந்துவிடும். ஆனால், இறந்த குழாயில் இரத்தம் ஓடாது, உறையவும் உறையாது.

எனவே அடுத்த படி, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட எலி. அதன் தொடைத் தமனி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். தைக்கும் நூலோ தலைமுடியைவிட மெல்லியது. தைத்த பிறகு, தையலைத் தாண்டிய பகுதியை இரு இடுக்கிகளால் மெல்லப் பிடித்து, நடுவிலுள்ள இரத்தத்தை வெளியேற்றுகிறார்கள். பின்பு, தையலை ஒட்டிய இடுக்கியை மட்டும் விடுவிக்கிறார்கள். வெறுமையான குழாய் உடனே நிரம்பினால், இணைப்பு சரி. நிரம்பாவிட்டால், அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

கடைசிப் படி பன்றி. அதன் வயிற்றிலும் தசையைத் துளைத்து வரும் குழாய்கள் இருப்பதால், திசுவைப் பிரித்தெடுப்பது முதல் இணைப்பது வரை பழகலாம். ஒரு வேறுபாடு உண்டு: மனிதரின் வயிற்றுச் சுவரில் கீழிருந்து வரும் குழாய் பெரியது, பன்றிக்கு மேலிருந்து வருவதே பெரியது.

விலங்குகளை இப்படிப் பயன்படுத்துவது முறையா? 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் மூன்று நெறிகளை வகுத்தனர்: இயன்ற இடத்தில் விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. கோழித்தொடையில் கை நன்கு பழகிய பிறகே எலியைத் தொட வேண்டும் என்பது இந்த நெறிகளுக்கு ஏற்ற ஏற்பாடு. அங்கே திருத்திக்கொள்ளும் ஒவ்வொரு பிழையும், உயிருள்ள விலங்குகளின் தேவையைக் குறைக்கிறது.