பழைய இரும்பு... புதுக் கத்தி!

குட்டீஸ்... மதுரையில் இருந்து மானாமதுரைக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா? சிலைமான், திருப்புவனம் எல்லாம் தாண்டினால், மதுரையில் இருந்து சுமார் 30 கி.மீ., தூரத்தில் ஒரு ஊர் வரும். அதுதான் திருப்பாச்சேத்தி. சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரின் பெயரைச் சொன்னாலே, 'ஓ... அரிவாளா?' என்று கேட்பர் பெரியவர்கள். 2005ல், 'திருப்பாச்சி' என்று ஒரு சினிமாவே வந்தது.

சினிமாவில் அந்த அரிவாள் சண்டைக்குத்தான் வரும். நிஜத்தில், தென்னை மட்டை கழிக்கவும், கருவேல முள் வெட்டவும், விறகு பிளக்கவும் விவசாயிக்கு அது இல்லாமல் முடியாது. சிலர் செய்யும் தப்பால், பட்டறைக்காரருக்கும் தொல்லைதான். அரிவாள் வாங்குகிறவரின் பெயர், முகவரியை எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று, 2021ல் தமிழகப் போலீசார் சொல்லி விட்டனர்.

சரி, அந்த அரிவாளுக்கு இரும்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? லாரியில் இருந்து!

லாரியின் அடியில், வில் போல வளைந்த பட்டைகளை அடுக்கடுக்காகக் கட்டியிருப்பர், பார்த்திருப்பீர்கள். டன் கணக்கில் சுமை ஏற்றினாலும், பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினாலும், வளைந்து கொடுத்துப் பழையபடி நிமிரும் இரும்பு அது. தேய்ந்து போனதும் பழைய இரும்புக் கடைக்கு வந்து விடும். கொல்லர் அதைத் தேடி வாங்குகிறார். வாங்கும்போதே விரிசல் இருக்கிறதா என்று பார்த்து விட வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் விரிசல், என்றாவது ஒருநாள் மரத்தின் மேல் அரிவாளை ஓங்கிப் போடும்போது வேலையைக் காட்டி விடும்!

'வீடு கட்டுகிற கம்பி போதாதா?' என்று கேட்கிறீர்களா? போதாது. கம்பியில், 100 கிராமுக்குக் கால் கிராம் அளவுதான் கார்பன் இருக்கும். லாரிப் பட்டையில் அரை கிராமுக்கு மேல் இருக்கும். இந்தக் கொஞ்சூண்டு வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

பட்டையை உலையில் வைத்து, ஆரஞ்சு நிறத்துக்குப் பழுத்ததும் சம்மட்டியால் அடித்து அரிவாள் ஆக்குகின்றனர். வடிவம் வந்ததும் மறுபடி சூடாக்கி, சட்டென்று தண்ணீரிலோ, எண்ணெயிலோ தோய்ப்பர். சூட்டில் இரும்புக்குள் கரைந்திருந்த கார்பன், பிரிந்து போக நேரமில்லாமல் அப்படியே மாட்டிக் கொள்ளும். இரும்பு கல் மாதிரி கெட்டியாகி விடும். ஆனால், கண்ணாடி மாதிரி உடையும் குணமும் கூடவே வந்து விடும்.

அதனால், இன்னொரு முறை லேசாகச் சூடு காட்ட வேண்டும். இதற்குத் தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான் கருவி. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பின் மேல் முதலில் வைக்கோல் நிறம் வரும். பிறகு பழுப்பு, அடுத்து கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். காய் நறுக்கும் கத்தி என்றால், வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தலாம். மரத்தில் ஓங்கிப் போடும் அரிவாளுக்கு, கத்தரிப்பூ நிறம் வரை விட வேண்டும். கெட்டித்தன்மை கொஞ்சம் குறையும், உடையாது.

லாரிப் பட்டையை விடக் கெட்டியான பழைய இரும்பு ஒன்றும் இருக்கிறது. லேத் பட்டறைகளில், 'எச்.எஸ்.எஸ்.,' என்பர். 'ஹைஸ்பீடு ஸ்டீல்' என்பதன் சுருக்கம். டிரில் பிட், இரும்பு அறுக்கும் மெஷினின் ஹாக்சா பிளேடு எல்லாம் இதில் செய்வதுண்டு.

அந்தக் காலத்து லேத் மெஷினை வேகமாக ஓட்டினால், வெட்டும் உளி சூடேறி மழுங்கி விடும். அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பாலையில், டெய்லர், ஒயிட் என்ற இருவர் இதற்கு வழி கண்டுபிடித்தனர். 1900ல், பாரீஸ் கண்காட்சியில் அவர்களது உளி, முனை சிவக்கச் சிவக்க இரும்பைச் செதுக்கியதைப் பார்த்து, எல்லாரும் அசந்து போயினர்!

ரகசியம் என்ன? டங்ஸ்டன்! பழைய குண்டு பல்புக்குள் இருக்கும் இழை, இந்த உலோகம்தான். பேர் போன ஒரு வகை எச்.எஸ்.எஸ்.,சில், 100க்கு 18 பங்கு டங்ஸ்டன் உண்டு. மதுரைக் குட்டீசுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. மேலூர் பக்கம், அரிட்டாபட்டியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கம் வரப் போகிறது என்று 2024ல் ஊரே திரண்டு போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததே, அதே டங்ஸ்டன்தான். பழைய இரும்புக் கடைக்காரரும் எச்.எஸ்.எஸ்., துண்டுகளைத் தனியாகப் பிரித்து, அதிக விலைக்கு விற்பார்.

இதைக் கொல்லர் உலையில் அடித்துக் கத்தியாக்க முடியாதா? ரொம்பச் சிரமம். இதைக் கெட்டிப்படுத்த, 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். பிறகு, 550 டிகிரியில் இரண்டு, மூன்று முறை வைத்து எடுக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. அதனால், தேய்ந்த பிளேடை அடிக்காமல், கிரைண்டரில் தேய்த்தே கத்தியாக்குகின்றனர். சாதாரண கத்தி, தேய்க்கும்போது சூடேறி நீலமானால் போச்சு. மழுங்கத் தொடங்கி விடும். எச்.எஸ்.எஸ்., அதற்கெல்லாம் அசையாது.

பிடி போட, ஆணிக்கு ஓட்டை வேண்டுமே? டிரில் பிட்டும் அதே எச்.எஸ்.எஸ்.,தானே, இறங்குமா? அதற்கும் வழி இருக்கிறது. மெஷினில் மாட்டுவதற்காக, பிளேடின் இரண்டு நுனியிலும் ஏற்கனவே ஓட்டை இருக்கும். அதிலேயே ஆணியை அடித்து, மரப்பிடி போட்டு விடலாம்.

இப்போது டெஸ்ட். லாரிப் பட்டைக் கத்தி ஒன்று, எச்.எஸ்.எஸ்., கத்தி ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி சாணை பிடித்து, ஒரே தேங்காய்நார்க் கயிற்றை வெட்டிக் கொண்டே போக வேண்டும். நடுநடுவே ஒரு பேப்பரை நறுக்கிப் பார்க்க வேண்டும். பேப்பர் வெட்டுப்படாமல் கிழிய ஆரம்பித்தால், கூர் போய் விட்டது என்று அர்த்தம். எத்தனை வெட்டுக்குப் பிறகு கிழிகிறது என்பதுதான் மார்க். இதில், எச்.எஸ்.எஸ்., சுலபமாக ஜெயித்து விடும்.

அடுத்து, காய்ந்த விறகில் ஓங்கிப் போடுங்கள். எச்.எஸ்.எஸ்., முனை சில்லு சில்லாகப் பெயரலாம். 'படக்'கென்று ஒடிந்தும் போகலாம். லாரிப் பட்டைக்கு ஒன்றும் ஆகாது. திருப்பாச்சேத்திக் கொல்லர்கள், எச்.எஸ்.எஸ்.,சை விட்டு லாரிப் பட்டையைத் தேடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? தோல் அறுக்கிறவருக்கு ஒரு கத்தி, தென்னந்தோப்புக்காரருக்கு வேறு கத்தி.

இந்த டெஸ்ட் எல்லாம், கண்ணாடி மாட்டிய பெரியவர்கள் பட்டறையில் செய்வது. ஒடியும் துண்டு, கண்ணுக்குத்தான் பறக்கும்!

நீங்கள் தள்ளி நின்றே பார்க்கக் கூடிய டெஸ்ட் ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவுக்கு சாணை பிடிக்கிறவர் வந்தால், பொறியைக் கவனியுங்கள். மஞ்சளாகப் பறந்து, நுனியில் மத்தாப்பு மாதிரி பூப்பூவாய் வெடித்தால், அது கார்பன் உள்ள இரும்பு. வெடிக்காமல், மங்கலான சிவப்புக் கோடாகப் போனால்... அந்தக் கத்தி முன்பு ஏதோ ஒரு பட்டறையில் இரும்பு அறுத்துக் கொண்டிருந்திருக்கலாம்!