பட்டை வளர்வதும் நோய் தணிவதும்: உயிரணுவின் நுண்குழல்கள்

பதமாக வெட்டிய பால்மரப் பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்து மறுவெட்டுக்கு ஆயத்தமாகிறது. கத்தி ஆழமாகப் பாய்ந்து மரத்திலே பட்டுவிட்டாலோ, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிக் கெட்டுவிடுகிறது. செம்பனை பெருகிவிட்ட செடெனாக் வட்டாரத்திலும், மரம் வெட்டிப் பழகியோர் இதனை நன்கறிவர். இதன் காரணம் யாது?

பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உள்ளது. அதிலுள்ள உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டே இருப்பதால்தான் புதுப் பட்டை உண்டாகிறது. படலம் காயமுற்றால் அவ்வளர்ச்சி குலைகிறது.

உயிரணு பிரிவது எவ்வாறு?

பால்மரத்தின் உயிரணுவில் 36 குரோமோசோம்கள் உள்ளன. மனித உயிரணுவில் 46. மரபுச் செய்தியைத் தாங்கும் இவை, பிரிவுக்கு முன் படியெடுக்கப்பட்டு, இரு புதிய உயிரணுக்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும். இப்பணியைச் செய்பவையே நுண்குழல்கள். இவை தூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை. ஒரு குழலின் குறுக்களவு, ஒரு மில்லிமீட்டரை 40,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறே ஆகும்.

இக்குழல்கள் நீள்வதும் திடீரெனச் சிதைவதுமாக இருப்பதை 1984-ஆம் ஆண்டில் மிட்சிசன், கிர்ஷ்னர் என்னும் இரு அறிஞர்கள் விளக்கினர். குரோமோசோமைப் பற்றிக்கொண்ட குழல் நிலைக்கிறது. பற்றாதது சிதைந்து, அதன் புரதம் வேறு குழலுக்குப் பயன்படுகிறது. எல்லாம் பற்றப்பட்டபின் குரோமோசோம்கள் இருபுறமும் இழுக்கப்படுகின்றன.

நித்தியகல்யாணி தந்த மருந்து

மலாய்க்காரர்கள் கெமுந்திங் சினா என்றழைக்கும் நித்தியகல்யாணிச் செடி நாம் அறிந்ததே. 1952-இல் இதன் இலைகள் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்டன. அத்தீவில் இதனை இனிப்பு நீர் நோய்க்குக் காய்ச்சிக் குடித்துவந்தனர். ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை. ஆனால் ஊசிவழிச் செலுத்தியபோது இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்தன. எலிகள் தொற்றுநோய் கண்டு மடிந்தன.

தேடியது கிட்டாவிடினும், இதனால் ஒரு பெரும்பயன் விளைந்தது. அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் பொருளை அவர்கள் பிரித்தெடுத்தனர். பின்னர் வின்கிரிஸ்டினும் கிடைத்தது. இவை தூபுலினைப் பற்றி நுண்குழல் உருவாவதைத் தடுக்கின்றன. அதனால் கட்டுக்கடங்காது பெருகும் புற்றுநோய் உயிரணு பிரியவியலாது மடிகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் இன்றியமையாத மருந்தாக விளங்குகிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இச்செடி மருந்துத் தேவைக்காகவே பயிரிடப்படுகிறது.

எச்சரிக்கை

மருந்தென்று கேட்டவுடன் இலையைப் பறித்துக் கஷாயம் வைப்பது பேராபத்து. நோயுற்ற உயிரணுக்களுக்கு மட்டுமன்றி, மயிர்க்கால், எலும்பு மச்சை போன்ற இடங்களிலுள்ள நல்ல உயிரணுக்களுக்கும் நுண்குழல்கள் தேவை. நரம்புகளும் அவற்றையே நம்பியுள்ளன. ஆதலால்தான் இம்மருந்துகளைத் தூய்மைப்படுத்தி, நோயாளியின் உடலுக்கேற்ப அளந்து, இரத்தத்தைச் சோதித்தவாறே மருத்துவமனையில் நரம்பு ஊசியாகச் செலுத்துகின்றனர். இலைச் சாற்றில் எவ்வளவு நஞ்சு உள்ளதென்று எவரும் கண்ணால் கண்டு கூறவியலாது.

இனிப்பு நீர் உள்ளோர் கைமருந்தை நம்பிக் கிளினிக் மருந்தை நிறுத்திவிடலாகாது. ஏற்கெனவே இக்கஷாயம் குடித்து வருவோர் அதனை மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும். பிள்ளைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போது முடி உதிர்வதையோ விரல்கள் மரத்துப்போவதையோ கண்டு அஞ்சி, பெற்றோர் சிகிச்சையைப் பாதியில் கைவிடுதல் கூடாது. உடனே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். மரத்தை வெட்டும் கத்திக்கு ஓர் அளவு இருப்பதுபோல், மருந்துக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவை அறிந்தோரிடம் செல்வதே அறிவுடைமை.