படம் எடுப்பதும் படம் செய்வதும்



செல்போனில் நாம் எடுக்கும் படம் முழுக்க நாம் எடுத்ததுதானா? ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு போட்டோவில் இரண்டு வேலை செய்கிறது.

ஒன்று, எடுத்த படத்தைத் திருத்துவது. இருட்டில் ஒரு தடவை பட்டனைத் தட்டினால், போன் மளமளவென்று பல படங்கள் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, வெளிச்சமாக்கித் தருகிறது. திருத்துவது ஒன்றும் புதுசு இல்லை. பிலிம் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தழும்பை மறைப்பார்கள். அதுக்குப் பேர் ‘டச்சிங்’. அந்தப் பொறுமையான வேலை இப்போ நொடியில் முடிகிறது.

இரண்டு, கேமராவே இல்லாமல் படம் செய்வது. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் விளக்கங்களையும் காட்டி ஏ.ஐ.யைப் பழக்கியிருக்கிறார்கள். நாம் ஒரு வரி எழுதினால், வெறும் புள்ளிக்கூட்டத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக்கி உருவம் கொண்டுவருகிறது.

2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதுப் போட்டியில், ஒரு பிரிவில் ஜெர்மனிக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் வென்றார். “இது ஏ.ஐ. படம், இரண்டும் ஒரே போட்டியில் நிற்கக் கூடாது” என்று சொல்லிப் பரிசை மறுத்துவிட்டார். மறுவருஷம் தலைகீழாக நடந்தது. மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் கேமராவில் எடுத்த பூநாரைப் படத்தை வேறொரு போட்டியின் ஏ.ஐ. பிரிவுக்கு அனுப்பினார். பறவை உடம்பைச் சொறிந்துகொண்டிருந்ததால் தலையே இல்லாத மாதிரி தெரிந்தது. பரிசும் கிடைத்தது! உண்மையைச் சொன்னதும் நீக்கிவிட்டார்கள்.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். ‘திராட்சைத் தோட்டம்’ வேண்டும் என்று ஏ.ஐ.யிடம் கேட்டுப் பார்த்தேன். மலைச்சரிவில் வேலி கட்டின மாதிரி வரிசை வரிசையாகக் கொடிகள் வந்தன. அழகுதான். ஆனா நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் அப்படியா இருக்கு? தலைக்கு மேலே பந்தல், அடியில் நின்று அண்ணாந்து குலை வெட்டும் ஆட்கள், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கருநிறப் பன்னீர்த் திராட்சை. இது எதுவும் அந்தப் படத்தில் இல்லை. ஏ.ஐ. அதிகமாகப் பார்த்தது வெளிநாட்டுத் தோட்டங்களை. பார்த்ததைத்தானே அது வரையும்? பந்தலைப் பற்றி விளக்கமாக எழுதிக் கொடுத்த பிறகே கொஞ்சம் கிட்ட வந்தது. நேரில் பார்த்த கண் இருந்தால்தான் அதைத் திருத்தவே முடியும். நம்ம தோட்டத்தைப் பார்க்காத ஒரு பிள்ளை, அந்த முதல் படத்தையே கம்பம் என்று நம்பிவிடுமே!

கதைக்குப் படம், விழாவுக்குப் போஸ்டர் என்று கற்பனை வேலைக்கு ஏ.ஐ. நல்ல துணை. சுருளியில் வெள்ளம் வந்தது, வைகை அணை நிரம்பியது என்று சாட்சி சொல்ல, அங்கே போய் நிற்கும் ஆளும் கேமராவும் வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பள்ளியில் படக் கண்காட்சி வைத்தால் எடுத்த படத்துக்கு ஒரு வரிசை, செய்த படத்துக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள். நண்பர்களே, முதல் வரிசைக்கு நம்ம ஊர்ப் பந்தலைப் படம் எடுத்து வாருங்கள்!